நடக்க விடப்பட்ட துப்பாக்கிகள்: ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ நடவடிக்கையும் அது கிளப்பிய சர்ச்சையும்

2010ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ ரிக்கோ ஊருக்கு அருகே, பெக் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் எல்லைக் காவல் படையின் சிறப்புப் பிரிவினர் காத்திருந்தனர். கஞ்சா கடத்துவோரை வழிமறித்து அவர்களிடமே கொள்ளையடிக்கும் கும்பல் ஒன்று அங்கே நடமாடியது. கும்பல் நெருங்கியபோது, காவலர்கள் முதலில் உயிரைப் பறிக்காத, குறுமணி நிரப்பிய பைகளைச் சுடும் துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினர். பதிலுக்கு வந்தவை நிஜத் தோட்டாக்கள். 40 வயது காவலர் பிரையன் டெர்ரி குண்டடிபட்டு உயிரிழந்தார்.

சண்டை நடந்த இடத்தில் ஏகே-47 வகையைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. அவற்றின் வரிசை எண்களை வைத்து, அவை எங்கே யாரால் வாங்கப்பட்டன என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பீனிக்ஸ் நகரை ஒட்டிய கிளெண்டேலில் உள்ள ஒரு கடையில், அதே ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாங்கிய மூன்று துப்பாக்கிகளில் இரண்டு அவை. இவ்வளவு விரைவாகத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. வாங்கிய ஆள் அதற்கு முன்பே அரசின் சந்தேகப் பட்டியலில் இருந்தார். வாங்கிய சில நாட்களிலேயே அந்த எண்களும் அரசின் பதிவேட்டில் ஏறிவிட்டன. அந்தத் துப்பாக்கிகள் வாங்கப்பட்டது ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ என்ற அரசு விசாரணை நடந்துகொண்டிருந்தபோது. தெரிந்தும் தடுக்காமல் விட்டது யார், ஏன் என்பதுதான் அடுத்த பல ஆண்டுகள் அமெரிக்க அரசியலை உலுக்கிய கேள்வி.

விற்றது யார்?

“அமெரிக்க அரசே கடத்தல் கும்பல்களுக்குத் துப்பாக்கி விற்றது” என்று பலர் சுருக்கமாகச் சொல்வதுண்டு. அப்படிச் சொல்வது சரியல்ல. துப்பாக்கிகளை விற்றவை உரிமம் பெற்ற தனியார் கடைகள். பணம் கும்பலின் பணம். அரசின் பங்கு மூன்று விதமானது: யார், எதற்காக வாங்குகிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது அல்லது பலமான சந்தேகம் இருந்தது, விற்கத் தயங்கிய கடைக்காரரிடம் தொடர்ந்து விற்கும்படி சொன்னது, வாங்கியவர்கள் துப்பாக்கியோடு போனபோது பெரும்பாலும் பறிமுதல் செய்யவில்லை. சர்ச்சையின் மையம் இந்த மூன்றாவதுதான்.

இதில் ஈடுபட்ட அமைப்பு, மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்தியப் பணியகமான ஏடிஎஃப். இது 2003 முதல் அமெரிக்க நீதித் துறையின் கீழ் இயங்குகிறது. நீதித் துறை என்றதும் நாம் நீதிமன்றங்களை நினைத்துக்கொள்கிறோம். அங்கே அது அரசு வழக்கறிஞர்களையும் எஃப்பிஐ, போதைப்பொருள் தடுப்புக்கான டிஇஏ, ஏடிஎஃப் போன்ற புலனாய்வு அமைப்புகளையும் நடத்தும் அமைச்சகம். அதன் தலைவர் அட்டர்னி ஜெனரல் எனப்படுவார்.

கடையிலிருந்து எல்லைக்கு: பினாமி வாங்கல்

மெக்சிகோவில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவது மிகக் கடினம். ராணுவமே நடத்தும் கடையில், நீண்ட சரிபார்ப்புக்குப் பிறகுதான் வாங்க முடியும். ராணுவத் தர ஆயுதங்களுக்கு அனுமதியே கிடையாது. ஆனால் எல்லைக்கு வடக்கே, அதே வகைத் துப்பாக்கிகள் நெடுஞ்சாலையோரக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னே அடுக்கப்பட்டிருக்கின்றன. 2006 டிசம்பரில் அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் கார்ட்டல் எனப்படும் போதைப்பொருள் கும்பல்களுக்கு எதிராக ராணுவத்தை இறக்கிய பிறகு, கும்பல்களின் ஆயுதப் பசி பன்மடங்கானது. மெக்சிகோவில் பிடிபட்டு, மூலம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் 87 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009இல் கணக்கிட்டது. ‘மூலம் தேடப்பட்ட’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும்: பிடிபட்ட எல்லாத் துப்பாக்கிகளும் தேடலுக்கு அனுப்பப்படுவதில்லை என்பதால், இந்த விழுக்காட்டை ‘மெக்சிகோவின் எல்லாத் துப்பாக்கிகளும்’ என்று நீட்டுவது தவறு. ஆயினும் ஓட்டம் எந்தத் திசையில் என்பதில் ஐயமில்லை.

இந்த ஓட்டம் நடக்கும் முறை, நிலத்தைப் பினாமி பெயரில் வாங்கும் முறையைப் போன்றது.

1. கும்பலின் ஆள் ஒரு இடைத்தரகரிடம் பணத்தையும் தேவைப் பட்டியலையும் கொடுக்கிறார்.

2. இடைத்தரகர், குற்றப் பின்னணி இல்லாத உள்ளூர் ஆட்களைப் பிடிக்கிறார். துப்பாக்கிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குச் சிறு கமிஷன்.

3. பினாமி கடைக்குப் போகிறார். 4473 எண் கொண்ட மத்திய அரசுப் படிவத்தை நிரப்புகிறார். ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியிட்டுக் கையெழுத்திடுகிறார். கடையில் குற்றச் செயல் நடப்பது இந்தக் கட்டத்தில்தான்.

4. கடைக்காரர் மத்தியச் சரிபார்ப்பு அமைப்பைக் கேட்கிறார். ஆளின் பதிவு சுத்தமாக இருப்பதால் அனுமதி வந்துவிடுகிறது.

5. துப்பாக்கி ஏதோ ஒரு வாகன நிறுத்தத்திலோ வீட்டுக் கொட்டகையிலோ கைமாறி, சிலவாகப் பிரிக்கப்பட்டு, கார்களுக்குள் ஒளிக்கப்பட்டு எல்லையைக் கடக்கிறது. மெக்சிகோவில் இதை எறும்புக் கடத்தல் என்கிறார்கள். சாரை சாரையாகச் சிறிது சிறிதாகச் சுமந்து போவதால் வந்த பெயர்.

சட்டம் எங்கே இடறியது?

இந்தச் சங்கிலியை உடைப்பது எளிது என்று தோன்றலாம். ஆனால் 2009இல் அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் ‘துப்பாக்கிக் கடத்தல்’ என்று தனிக் குற்றமே இல்லை. ‘பினாமி வாங்கல்’ என்ற பெயரிலும் குற்றம் இல்லை. ஒருவர் ஒரே நாளில் இருபது ஏகே வகைத் துப்பாக்கிகளை ரொக்கம் கொடுத்து வாங்கலாம். பின்னர் மனம் மாறி, தடை செய்யப்படாத இன்னொருவருக்கு விற்கலாம், பரிசாகவும் கொடுக்கலாம். இரண்டு கைத்துப்பாக்கிகளை ஐந்து வேலை நாட்களுக்குள் ஒருவரே வாங்கினால் கடைக்காரர் ஏடிஎஃப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்கு அந்த விதி கிடையாது. கார்ட்டல்கள் விரும்பியவையோ நீளத் துப்பாக்கிகள்.

ஆக, அரசு வழக்கறிஞரின் கையில் மிஞ்சியது பெரும்பாலும் படிவத்தில் சொன்ன பொய்தான். கையெழுத்திட்ட அந்தக் கணத்தில் அது வேறொருவருக்காகத்தான் என்று அவர் மனத்தில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், முதல் குற்றவாளிக்குப் பல நேரங்களில் நன்னடத்தைக் கண்காணிப்போடு வழக்கு முடிந்துவிடும். அரிசோனாவின் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் மேலும் கறாராக இருந்ததாக ஏடிஎஃப் அதிகாரிகள் குறைபட்டனர்: துப்பாக்கியே கைக்கு வந்தால்தான் வழக்கு என்ற அளவுக்கு. மெக்சிகோவுக்குப் போய்விட்ட துப்பாக்கியை எப்படிக் கொண்டுவந்து காட்டுவது?

இந்த வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது. பிற்காலத்தில் இந்த நடவடிக்கைக்கு ஆதரவாகப் பேசியவர்கள், “ஏடிஎஃப் வேண்டுமென்றே விடவில்லை, சட்டம்தான் கையைக் கட்டியிருந்தது” என்று இதையே முன்வைத்தனர். ஆனால் கட்டு அவ்வளவு இறுக்கமானதா? அரசின் உணவு உதவி பெற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர், இந்த வழக்கில் மட்டும் 700க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ரொக்கத்தில் வாங்கினார். அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசலில் நிறுத்திக் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நீதித் துறையின் உள்விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் பின்னர் வந்தடைந்த முடிவும் இந்தத் திசையிலேயே இருந்தது: தலையிடப் போதிய ஆதாரம் பல கட்டங்களில் இருந்தது; ஏடிஎஃப்பும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் சேர்ந்தே தலையிடாமல் இருந்தன.

உறுமீனுக்காகக் காத்திருந்தவர்கள்

ஏன் இரண்டும் தலையிடாமல் இருந்தன என்பதற்கு, மேலிடம் எதை வெற்றி என்று அளந்தது என்று பார்க்க வேண்டும். ஏடிஎஃப் 2005இல் டெக்சஸின் லரேடோவில் ‘புராஜெக்ட் கன்ரன்னர்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு விரிவாக்கியது. கடத்தலைத் தடுக்க அது பினாமிகளைப் பிடித்தது. பிடித்த ஒவ்வொருவருக்கும் பதிலாக மறுநாள் வேறொருவர் வந்தார். ஓடுமீனைப் பிடித்துப் பயனில்லை, உறுமீனைப் பிடியுங்கள் என்ற குரல் எழுந்தது. 2009 அக்டோபரில் நீதித் துறையின் மேல்மட்டத்தில் உருவான உத்தி வரைவு, தனித்தனிப் பினாமிகளைவிடக் கடத்தல் வலையமைப்பையே தகர்க்க வேண்டும் என்றது.

இந்தக் கொள்கையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் காத்திருக்கும் கொக்குக்கு ஓடுமீன்களை விடுவதால் நட்டமில்லை. அவை யாரையும் கடிப்பதில்லை. பீனிக்ஸில் விட்டவை துப்பாக்கிகள்.

‘நடக்க விடுதல்’ என்றால் என்ன?

புலனாய்வாளர்களின் பேச்சுவழக்கில், சட்டவிரோதப் பொருளைத் தெரிந்தே கையை விட்டுப் போக விடுவதை ‘நடக்க விடுதல்’ என்பார்கள். இதைக் ‘கண்காணிப்போடு கூடிய ஒப்படைப்பு’ என்ற வேறொரு முறையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பின்னதில், போதைப்பொருள் பொட்டலத்தைப் பெறுபவர் கைக்குப் போகும்வரை கண்ணை எடுக்காமல் பின்தொடர்ந்து, அவர் வாங்கும்போதே கைது செய்வார்கள். பொருள் மீண்டும் காவல்துறையின் கைக்கு வந்துவிடும். நடக்க விடுதலில் பின்தொடர்தல் இடையில் அறுந்துபோகிறது, அல்லது அறுத்துக்கொள்ளப்படுகிறது.

ஏடிஎஃப்பில் இது புதிதும் அல்ல. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில், 2006–2007இல், அதே அரிசோனாவின் டூசான் நகரில் ‘வைட் ரிசீவர்’ என்ற நடவடிக்கையில் 400க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இதே போல் வாங்கப்பட்டன. அப்போது மெக்சிகோ அதிகாரிகளோடு சேர்ந்து எல்லைக்கு அப்பால் பின்தொடரும் முயற்சி நடந்தது. சில துப்பாக்கிகளுக்குள் இடங்காட்டிக் கருவிகளும் வைக்கப்பட்டன. மின்கலம் தீர்ந்தது, கார்கள் எல்லைக்கு அப்பால் மறைந்தன. அந்தத் தோல்வியிலிருந்து பாடம் எதுவும் பீனிக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை.

பதினைந்து மாதங்கள்

2009 இலையுதிர்காலத்தில் பீனிக்ஸ் ஏடிஎஃப் கிளையின் ஏழாம் குழு இந்த வழக்கைத் தொடங்கியது. சந்தேகத்துக்குரியவர்களுக்குக் கார் பந்தயத்தில் ஆர்வம் இருந்ததால், அப்படியொரு திரைப்பட வரிசையின் பெயரையே சூட்டினார்கள். கிளைத் தலைவர் வில்லியம் நியூவெல். அரிசோனாவின் மத்திய அரசு வழக்கறிஞர் டென்னிஸ் பர்க்.

2010 ஜனவரி தொடக்கத்தில் பீனிக்ஸ் கிளை தயாரித்த ஓர் உள்குறிப்பு, கூட்டாளிகள் மேலும் பலரைக் கண்டறிவதற்காகத் துப்பாக்கிகள் கைமாறுவதை, வேகத்தைக் குறைத்தேனும், தொடர அனுமதிப்பதே தற்போதைய உத்தி என்று எழுதியது. ‘விடவில்லை, நழுவிப்போயின’ என்ற வாதத்தை ஏற்க முடியாமல் செய்வது இந்த ஒற்றை வரிதான்.

அந்த ஆண்டு மார்ச்சில் தலைமையகத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் பிறகு, கவலை கொண்ட துணை இயக்குநர் வில்லியம் ஹூவர், வழக்கை எப்போது எப்படி முடிப்பீர்கள் என்று ஒரு திட்டம் கேட்டார். கேட்டதோடு சரி, விற்பனை தொடர்ந்தது.

கடைக்காரர்களும் நிம்மதியாக இல்லை. எல்லைக் காவல் படையில் தனக்கு நண்பர்கள் உண்டு, தான் விற்கும் துப்பாக்கி அவர்கள் மீதே திரும்பிவிடக் கூடாது என்று ஒருவர் 2010 ஜூனில் ஏடிஎஃப் குழுத் தலைவருக்கு மின்னஞ்சலில் எழுதினார். டெர்ரி கொல்லப்பட ஆறு மாதம் முன்பு எழுதப்பட்ட கடிதம் அது. களத்தில் இருந்த முகவர்களுக்குள்ளும் பிளவு ஏற்பட்டது. பினாமி துப்பாக்கிப் பெட்டிகளைக் காரில் ஏற்றுவதை நேரில் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் திரும்பி வந்துவிடச் சொல்லி உத்தரவு வருவதை ஜான் டாட்சன் போன்ற முகவர்கள் ஏற்க மறுத்தனர்.

2010 மே மாத இறுதியில் நடந்த ஒரு காட்சி இந்த வழக்கின் போக்கைக் காட்டும். பினாமிகளை இயக்கிய முக்கியப் புள்ளி, மெக்சிகோவுக்குள் நுழைய லூக்வில் சோதனைச் சாவடிக்கு வந்தார். அவரது காரில் 74 தோட்டாக்களும் பல கைப்பேசிகளும் அகப்பட்டன. வழக்கின் முதன்மை முகவர் அங்கே போய் அவரிடம் பேசினார். ஒத்துழைப்பதாக அவர் வாக்களித்தார். முகவர் ஒரு 10 டாலர் நோட்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். அந்த எண்ணுக்கு அழைப்பு வரவில்லை. அந்த ஆள் கைதானது 2011இல்தான்.

அவருக்கு மேலே இருந்ததாக ஏடிஎஃப் தேடிய இருவர்? அவர்கள் எஃப்பிஐ, டிஇஏ ஆகியவற்றின் தனி விசாரணையில் ஏற்கெனவே இருந்தவர்கள் என்பதும், பிறகு எஃப்பிஐக்கு ஒத்துழைப்பவர்களாகவே ஆனார்கள் என்பதும் நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது. ஒரே நீதித் துறையின் ஒரு கிளை காத்திருந்த உறுமீன், பக்கத்துக் கிளையின் தொட்டியில் இருந்திருக்கிறது.

2011 ஜனவரி 25 அன்று குற்றச்சாட்டுப் பதிவு அறிவிக்கப்பட்டபோது கணக்கு இதுதான்:

1. சந்தேகத்துக்குரியவர்கள் 40க்கும் மேல்; முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 20 பேர்.

2. அவர்கள் வாங்கிய துப்பாக்கிகள் 2,000க்கும் மேல். பெரும்பாலும் ஏகே வகையும், 5.7 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகளும்.

3. செலவிட்ட ரொக்கம் ஏறத்தாழ 15 லட்சம் டாலர்.

4. விசாரணைக் காலத்தில் ஏடிஎஃப் முகவர்கள் பறிமுதல் செய்தவை சுமார் 100 மட்டும்.

மீதியை அரசு எப்படித்தான் ‘கண்காணித்தது’? இந்த இடத்தில்தான் முழுத் திட்டமும் உள்ளீடற்றதாகிறது. துப்பாக்கியின் மூலத்தைத் தேடும் பணி மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் நடக்கிறது. பெயர்களைத் தேடக்கூடிய மையப் பதிவேடு வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே ஊழியர்கள் தயாரிப்பாளரை அழைத்து, அவரிடமிருந்து மொத்த வியாபாரியை அறிந்து, அங்கிருந்து சில்லறைக் கடைக்குப் போய், கடைசியில் முதல் வாங்குபவரின் படிவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். மூடப்பட்ட கடைகளின் காகிதப் பெட்டிகள் கப்பல் கொள்கலன்களில் குவிந்து கிடந்த இடம் அது. இந்த இயந்திரம் சுழல வேண்டுமானால், எங்கோ ஒரு காவலர் அந்தத் துப்பாக்கியை எடுத்து அதன் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். காவலர் கையில் துப்பாக்கி கிடைப்பது பெரும்பாலும் குற்றம் நடந்த இடத்தில். துப்பாக்கி எந்தக் கும்பலுக்குப் போனது என்பதை அறிய, அது சுடப்படும்வரை காத்திருப்பதே பீனிக்ஸ் உத்தியின் உள்ளடக்கம். இதைத் திட்டமிட்டவர்கள் யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்சிகோவுக்குச் சொல்லவில்லை

துப்பாக்கிகள் போய்ச் சேரும் நாட்டின் அரசுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. மெக்சிகோ நகரில் இருந்த ஏடிஎஃப்பின் சொந்தப் பிரதிநிதிகளுக்கே தெரிவிக்கப்படவில்லை. பீனிக்ஸில் வாங்கிய துப்பாக்கிகள் மெக்சிகோவின் குற்றச் சம்பவங்களில் அதிகமாக அகப்படுவதை அவர்கள் கவனித்துக் கேட்டபோது, விசாரணை நடக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. அந்த அலுவலகத்தின் டேரன் கில், கார்லோஸ் கனீனோ ஆகியோர் 2011 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் இதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். மெக்சிகோவின் அட்டர்னி ஜெனரல் மரிசேலா மொராலெஸ், தான் செய்திகள் வழியாகவே இதை அறிந்ததாகக் கூறினார். சிவாவா மாநிலத்தின் முன்னாள் அரசுத் தலைமை வழக்கறிஞருடைய சகோதரர் 2010இல் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளில் இரண்டு இந்த நடவடிக்கையோடு தொடர்புடையவை. அமெரிக்க விவாதங்களில் பிரையன் டெர்ரியின் பெயர் வந்த அளவுக்கு மெக்சிகோவில் இறந்தவர்களின் பெயர்கள் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு மறுப்பும் அதன் விலையும்

குற்றச்சாட்டுப் பதிவை அறிவித்த செய்தியாளர் கூட்டத்தில், துப்பாக்கிகளை வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்டபோது நியூவெல் அழுத்தமாக மறுத்தார். இரண்டு நாள் கழித்து, ஐயோவாவின் செனட்டர் சார்லஸ் கிராஸ்லி, முகவர்கள் தந்த தகவலின் அடிப்படையில் ஏடிஎஃப்புக்குக் கடிதம் எழுதினார். 2011 பிப்ரவரி 4ஆம் தேதி நீதித் துறையின் பதில் வந்தது: சட்டவிரோதமாக வாங்கப்பட்ட ஆயுதங்களைத் தடுத்து, அவை மெக்சிகோ போகாமல் செய்ய ஏடிஎஃப் எல்லா முயற்சியும் எடுக்கிறது என்றது அது. மார்ச்சில் டாட்சன் தொலைக்காட்சியில் தோன்றி, தன் கண்முன் நடந்ததைச் சொன்னார். டிசம்பர் 2 அன்று, பிப்ரவரிக் கடிதம் துல்லியமற்றது என்று கூறி நீதித் துறையே அதைத் திரும்பப் பெற்றது. ஓர் அமைச்சகம் நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தைப் பத்து மாதம் கழித்துத் திரும்பப் பெறுவது அன்றாடம் நடப்பதில்லை.

அதன் பிறகு சண்டை துப்பாக்கிகளைப் பற்றியது என்பதிலிருந்து ஆவணங்களைப் பற்றியது என்று மாறியது. பிரதிநிதிகள் சபை மேற்பார்வைக் குழுவின் தலைவர் டேரல் ஐசா, அந்தப் பத்து மாதத்தில் நீதித் துறைக்குள் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று கேட்டார். 2012 ஜூன் 20 அன்று அதிபர் ஒபாமா நிர்வாகச் சிறப்புரிமையைக் கோரி அவற்றைத் தர மறுத்தார். அதாவது, அரசுக்குள் நடக்கும் ஆலோசனைகளை வெளியிடத் தேவையில்லை என்ற உரிமை. ஜூன் 28 அன்று சபை 255–67 என்ற வாக்குகளில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவர் மீது இப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஜனநாயகக் கட்சியினர் பலர் வெளிநடப்புச் செய்தனர். அக்கட்சியின் 17 பேர் தீர்மானத்தை ஆதரித்தனர். ஆவணங்களுக்கான வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது.

2012 செப்டம்பரில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் ஹொரோவிட்ஸ் 471 பக்க அறிக்கையை வெளியிட்டார். 14 அதிகாரிகளின் நடத்தையை ஒழுங்கு நடவடிக்கைக்காகப் பரிசீலிக்கும்படி அது பரிந்துரைத்தது. ஏடிஎஃப்பின் தற்காலிக இயக்குநர் கென்னத் மெல்சன் 2011 ஆகஸ்டிலேயே பதவி மாற்றப்பட்டிருந்தார். பர்க் அதே நாளில் விலகினார். அறிக்கை வெளியான அன்று குற்றவியல் பிரிவின் உயரதிகாரி ஜேசன் வைன்ஸ்டைன் விலகினார்.

அடிக்கடி எழும் குழப்பங்கள்

1. *ஹோல்டருக்கு முன்பே தெரியுமா?* நடவடிக்கையின் பெயர் வரும் வாராந்தரக் குறிப்புகள் 2010இல் அவர் அலுவலகத்துக்குப் போயின. ஆனால் நடக்க விடும் உத்தியை அவர் 2011 தொடக்கத்துக்கு முன் அறிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் ஜெனரல் கண்டார். தெரியாமல் இருந்தது அவருக்குப் பெருமை சேர்க்கும் செய்தியா என்பது வேறு கேள்வி.

2. *துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகத் திட்டமிட்ட சதியா?* வன்முறையை வளர்த்து, அதைக் காட்டிக் கடுமையான சட்டம் கொண்டுவர அரசு இதைச் செய்தது என்று பலர் நம்பினர். நீளத் துப்பாக்கி விற்பனையை அறிவிக்கும் விதிக்கு ஆதரவாக இந்த வழக்கின் விவரங்களைப் பயன்படுத்தலாமா என்று அதிகாரிகள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டது உண்மை. வழக்கு தொடங்கியதே அதற்காக என்பதற்குச் சான்று வரவில்லை.

3. *புஷ் ஆட்சியில் தொடங்கியதுதானே?* உத்தி அப்போதே கையாளப்பட்டது. இந்த நடவடிக்கை ஒபாமா ஆட்சியில் தொடங்கியது. முன்னது பின்னதற்குச் சாக்கு ஆகாது. பின்னது முன்னதை மறைக்கவும் கூடாது.

4. *டெர்ரியைக் கொன்றது அந்தத் துப்பாக்கியா?* அவர் உடலில் இருந்த குண்டு அந்த இரண்டில் ஒன்றிலிருந்து வந்தது என்று தடயவியல் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சம்பவ இடத்தில் அவை இருந்தன என்பது மட்டும் உறுதி.

வழக்குகளும் சட்டமும்

அந்த மூன்று துப்பாக்கிகளை வாங்கிய பினாமிக்கு 2012 டிசம்பரில் 57 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. டெர்ரி கொலை வழக்கில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 ஆண்டு தண்டனை பெற்றார். 2015இல் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மெக்சிகோவில் 2017இல் பிடிபட்டு நாடுகடத்தப்பட்ட இன்னொருவருக்கு 2020 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

விதிகளில் மாற்றம் இரண்டு தவணைகளில் வந்தது. அரிசோனா, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, டெக்சஸ் ஆகிய நான்கு எல்லை மாநிலங்களில், கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டி (மேகசின்) பொருத்தக்கூடிய அரைத் தானியங்கி நீளத் துப்பாக்கிகளை ஐந்து வேலை நாட்களுக்குள் ஒருவரே ஒன்றுக்கு மேல் வாங்கினால் கடைக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று 2011இல் உத்தரவானது. பினாமி வாங்கலையும் துப்பாக்கிக் கடத்தலையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கிய மத்தியச் சட்டத்துக்கு 2022 ஜூன்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்படி 15 ஆண்டுவரை சிறை. பீனிக்ஸ் அரசு வழக்கறிஞர்கள் இல்லை என்று குறைபட்ட கருவி, அவர்கள் வழக்கு முடிந்து 11 ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது.

மெக்சிகோ அரசு 2021இல் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீதே பாஸ்டனில் வழக்குத் தொடுத்தது: எந்தக் கடைகள் வழியாகக் கார்ட்டல்களுக்குப் போகிறது என்று தெரிந்தே விநியோகிக்கிறார்கள் என்பது அதன் வாதம். தெரிந்திருந்தும் தடுக்காமல் இருப்பது குற்றத்துக்கு உதவுவதாகிவிடாது என்ற அடிப்படையில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 5 அன்று ஒருமனதாக அதைத் தள்ளுபடி செய்தது.

துப்பாக்கி பாலைப்போல் கெட்டுப்போவதில்லை; எண்ணெய் போட்டு வைத்தால் தலைமுறைக்கும் சுடும். 2016 ஜனவரியில் சினலோவா கார்ட்டலின் தலைவர் ‘எல் சாப்போ’ குஸ்மான் லோஸ் மோச்சிஸ் நகரில் பிடிபட்டபோது, அங்கே கைப்பற்றப்பட்ட ஆயுதங்களில் .50 காலிபர் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் வரிசை எண்ணும் மார்ட்டின்ஸ்பர்க் போனது. பீனிக்ஸ் வழக்கோடு தொடர்புடைய துப்பாக்கி அது என்று பதில் வந்தது.